சிலாங்கூர்க் கரையைக் கடந்த கப்பலில் ஓர் ஏழை ஆய்வாளர்: ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்

கோலசிலாங்கூர், புக்கிட் மெலாவத்தி குன்றுக்கு விடுமுறை நாளில் பிள்ளைகளோடு போகாத தோட்டப்புறக் குடும்பம் இந்த வட்டாரத்தில் குறைவு. பழைய பீரங்கிகளையும் கலங்கரை விளக்கத்தையும் விடப் பிள்ளைகளை இழுப்பது அங்குள்ள லோத்தோங் குரங்குகள்தாம். வெள்ளியும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருக்கும் தாயின் மார்பில், ஆரஞ்சு நிறக் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் மறைந்து குட்டியும் தாயைப் போலாகிவிடும்.

இதே சாயலில் லோத்தோங் குரங்குகள் கடலுக்கு அப்பால் சுமத்ராவிலும் போர்னியோவிலும் உள்ளன. ஜாவாவில் இருப்பது கொஞ்சம் வேறு. நம் மேற்குக் கரையில் இருப்பதை 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் பிரித்தறிந்து, அதன் அறிவியல் பெயரில் சிலாங்கூரையே சேர்த்தார்கள். ஆனால் எல்லாம் ஒரே குடும்பத்துப் பங்காளிகள் என்பது பார்த்த உடனே தெரியும். நீந்திக் கடலைக் கடக்க முடியாத குரங்குகள் இத்தனை தீவுகளில் எப்படி இப்படி ஒன்றுக்கொன்று உறவாக இருக்கின்றன?

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டு, விடையையும் கண்டவர் 1854ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தக் கரை வழியாகவே கப்பலில் போனார். பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் எந்தக் கப்பலும் சிலாங்கூரைக் கடந்துதான் ஆக வேண்டும். கரை முழுவதும் அடர்ந்திருந்த காட்டைக் கப்பலிலிருந்து ரசித்ததைப் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் குறித்திருக்கிறார். இறங்கவில்லை. அவர் பெயர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். அப்போது அவருக்கு வயது 31. கையில் காசு இல்லை, பட்டம் இல்லை, பெரிய இடத்துச் சிபாரிசும் அதிகமில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அவருடைய நான்கு ஆண்டு உழைப்பு நடுக்கடலில் எரிந்து போயிருந்தது.

சங்கிலி பிடித்த பையன்

வாலஸ் 1823 ஜனவரி 8ஆம் தேதி வேல்ஸில் அஸ்க் என்ற ஊருக்கு அருகே பிறந்தார். தகப்பனார் இருந்த சொத்தைத் தவறான முதலீடுகளில் கரைத்துவிட்டார். 14 வயது நிறையும் முன்பே பையனின் பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணன் வில்லியம் நில அளவையாளர். அவரோடு சங்கிலியும் கம்பும் தூக்கிக்கொண்டு வேல்ஸ் மலைகளில் நிலம் அளக்கப் போனார் தம்பி.

அந்த வேலையின் தன்மையைக் கவனிக்க வேண்டும். ஊர்ப் பொதுவாகக் கிடந்த மேய்ச்சல் நிலங்களைச் சட்டத்தின் பெயரால் அளந்து, வேலி போட்டு, பெரிய நிலக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்த காலம் அது. ஆடு மாடு மேய்த்துப் பிழைத்த ஏழைகள் அந்த நிலத்தை இழந்தார்கள். அன்று வாலஸ் அதைப் பெரிதாக எண்ணவில்லை. வயதான பிறகு அந்த நினைவு அவரை விடவில்லை. 1881இல் தொடங்கிய நில தேசியமயச் சங்கத்திற்கு அவரே தலைவரானார், மறு ஆண்டு அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். தோட்டம் கைமாறியதும் பல தலைமுறை வாழ்ந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தைப் பார்த்த குடும்பங்களுக்கு, ஒரு விஞ்ஞானி ஏன் நில உரிமை பேசினார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நிலம் அளக்கப் போன இடங்களில் செடிகொடிகளைப் பார்த்துப் பெயர் தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. மலிவான ஒரு தாவரவியல் கையேட்டை வாங்கித் தானே படித்தார். 1844இல் லெஸ்டர் நகரில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தபோது ஹென்றி பேட்ஸ் என்ற இளைஞர் நண்பரானார். பேட்ஸ் வண்டுகளைச் சேகரிப்பவர். இருவரும் இரவல் புத்தகங்களைப் படித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: உயிரினங்கள் எப்படித் தோன்றின என்ற கேள்விக்கு விடை தேட அமேசான் காட்டுக்குப் போவது, அங்கே பிடிக்கும் பூச்சிகளையும் பறவைகளையும் லண்டனுக்கு அனுப்பி விற்றுச் செலவைச் சமாளிப்பது. 1848இல் கப்பல் ஏறினார்கள்.

ரப்பர் ஏற்றிய கப்பல்

அமேசானில் வாலஸ் நான்கு ஆண்டுகள் இருந்தார். அங்கேதான் பால்மரத்தை அதன் சொந்த மண்ணில் பார்த்தார். காட்டில் தானாக வளர்ந்த மரத்தைக் கீறிப் பால் எடுத்து, புகையில் காட்டிக் கெட்டியாக்குவது அங்கிருந்தவர்களின் பிழைப்பு. மலாயாவில் அப்போது ஒரு ரப்பர் கன்றுகூடக் கிடையாது. அமேசானிலிருந்து விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது 1876இல். அதிலிருந்து முளைத்த 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது 1877இல். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் முன்னோர் பால் வெட்டிய தோட்டங்களெல்லாம் அதற்கும் பின்னால் வந்தவை.

அண்ணனுக்கு உதவ அமேசான் வந்த தம்பி ஹெர்பர்ட் 1851இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். வாலஸும் காய்ச்சலில் பலமுறை படுத்தார். 1852 ஜூலையில் சேகரித்தவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு ஹெலன் என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அந்தக் கப்பலின் சரக்கில் முக்கியமானது சுமார் 120 டன் ரப்பர். கூடவே கொக்கோவும் எண்ணெய்ப் பிசினும் இருந்தன. ஆகஸ்டு 6ஆம் தேதி கப்பலின் அடித்தளத்திலிருந்து புகை வந்தது. பிசின் தானாகச் சூடேறித் தீப்பிடித்திருந்தது. சில மணி நேரத்தில் கப்பலைக் கைவிட வேண்டியதாயிற்று.

ஒரு தகரப் பெட்டியில் பனை மரங்களையும் மீன்களையும் வரைந்த படங்களும் சில குறிப்புகளும் மட்டும் அவரோடு படகில் இறங்கின. பெட்டி பெட்டியாகச் சேர்த்த பூச்சிகள், பறவைகள், மூன்றாண்டு நாட்குறிப்புகளில் பெரும்பகுதி எல்லாம் அவர் கண் முன்னே எரிந்தன. உயிரோடு கொண்டு வந்த குரங்குகளும் கிளிகளும் தீயில் மாண்டன. ஓட்டைப் படகுகளில் தண்ணீரை இறைத்துக்கொண்டே பத்து நாட்கள். வெயிலில் தோல் உரிந்து போயிருந்தபோது வேறொரு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது.

லண்டனில் அவருடைய முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் முன்யோசனையாகச் சரக்குக்கு 200 பவுண்டு காப்புறுதி எடுத்து வைத்திருந்தார். இல்லையென்றால் வாலஸின் கதை அங்கேயே முடிந்திருக்கும். இனிக் கப்பலே ஏறுவதில்லை என்று சபதம் செய்தவர், ஒன்றரை ஆண்டில் மறுபடி கப்பல் ஏறினார். இந்த முறை நம் பக்கம்.

மலாக்காவும் லேடாங் மலையும்

சிங்கப்பூரில் புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் தங்கினார். சுற்றிலும் காம்பியர் தோட்டங்கள். புலிகள் தோட்டத் தொழிலாளர்களைத் தூக்கிச் செல்லும் காலம். மரம் வெட்டிய இடங்களில் கிடந்த கட்டைகளிலும் மரத்தூளிலும் வண்டுகள் மொய்த்தன. இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகள் கிடைத்தன. மரம் வெட்டியவர்களின் உழைப்பால்தான் அத்தனையும் கிடைத்தன என்பதை அவர் மறைக்கவில்லை.

சிங்கப்பூர் வீதிகளை வர்ணிக்கும்போது நம்மவர்களையும் அவர் குறிப்பிடுகிறார். அன்றைய வெள்ளையர் வழக்கப்படி நமக்குப் பிடிக்காத அந்தக் 'கிலிங்' என்ற சொல்லையே பயன்படுத்தி, மேற்கு இந்தியாவைச் சேர்ந்த முஸ்லிம் கடைக்காரர்கள் என்று எழுதிவிட்டார். வண்டின் முதுகில் உள்ள புள்ளியைக்கூடத் தவறாமல் எண்ணியவர், நாகூர் பக்கத்துக் கிழக்குக் கரை வணிகர்களை மேற்குக் கரையில் கொண்டுபோய் வைத்தது வேடிக்கைதான்.

1854 ஜூலையில் மலாக்கா வந்தார். சமையலுக்கு ஒருவர், பறவை சுட ஒருவர் என்று இரண்டு போர்த்துகீசிய வம்சத்தவர்களை வைத்துக்கொண்டு காடிங், ஆயர் பானாஸ் வட்டாரங்களில் தங்கினார். எல்லாரும் காய்ச்சலில் விழுந்தார்கள். கொயினா மருந்து காப்பாற்றியது. பிறகு லேடாங் மலை ஏறினார். அட்டைக்கடி, ஈரம். வழியில் யானையின் சாணமும் காண்டாமிருகத்தின் தடமும் கிடந்தன. பெரிய ஆர்கஸ் காட்டுக்கோழியின் கூவலைக் கேட்டாரே ஒழிய, பறவையைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

மலாக்காவில் டுரியான் பழத்தின் வாடை அவரை விரட்டியது. போர்னியோவில் தரையில் விழுந்து கிடந்த ஒரு பழத்தை வெட்டவெளியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு கட்சி மாறினார். டுரியானைப் புகழ்ந்து அவர் எழுதிய பக்கங்கள் போல் வேறு எந்த வெள்ளையரும் எழுதியதாகச் சொல்ல முடியாது.

ஒரு பூச்சிக்கு ஒரு காசு

1854 இறுதியில் சரவாக் போனார். சாடோங் ஆற்றங்கரையில் சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த டாயாக், சீனத் தொழிலாளர்களிடம் ஒரு பூச்சிக்கு ஒரு காசு என்று அறிவித்தார். வேலை முடிந்து வருபவர்கள் மூங்கில் குழலில் பூச்சிகளோடு வந்து நின்றார்கள். மரத்திலிருந்து சாய்வாகப் பறந்து இறங்கிய தவளையைக் கொண்டு வந்து கொடுத்தவர் ஒரு சீனத் தொழிலாளி. இன்று அது வாலஸின் பறக்கும் தவளை என்று அழைக்கப்படுகிறது. பிடித்தவரின் பெயரைப் புத்தகம் பதியவில்லை.

கருப்பும் பச்சையுமாக மின்னும் ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சிக்குச் சரவாக் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரை வைத்தார். மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகப் போற்றப்படுவது அதுதான். பேராக், கோப்பெங் அருகே உலு கெரோவில் இன்றும் கூட்டமாகப் பார்க்கலாம்.

இன்றைய கண்ணுக்கு உறுத்துவதும் உண்டு. ஒராங் ஊத்தான்களை அவர் வரிசையாகச் சுட்டார். ஒரு தாயைச் சுட்டபின் அதன் குட்டியைத் தானே வளர்த்தார். அரிசிக் கஞ்சி ஊட்டி, குளிப்பாட்டி, துணையாக ஒரு சின்னக் குரங்கையும் வாங்கிக் கொடுத்தார். தாய்ப்பாலுக்கு ஈடாக எதுவும் இல்லாமல் மூன்று மாதத்தில் அது இறந்தது. அதற்காக அவர் வருந்தியது உண்மை. அதன் எலும்பையும் தோலையும் பதப்படுத்தி வைத்துக்கொண்டதும் உண்மை.

1855 பிப்ரவரி, மழைக்காலம். சந்துபோங் மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். வெளியே போக முடியாததால் எழுத உட்கார்ந்தார். ஒவ்வொரு புதிய இனமும் அதற்கு முன்பே அதே பகுதியில் இருந்த நெருங்கிய உறவினத்தை ஒட்டியே தோன்றியிருக்கிறது என்பது அவர் எழுதிய விதியின் சாரம். புக்கிட் மெலாவத்தி லோத்தோங்கை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். மலாக்கா நீரிணை ஆழமற்ற கடல். உலகம் குளிர்ந்து கடல் மட்டம் தாழ்ந்த காலங்களில் மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலமாகக் கிடந்தன. குரங்குகள் நடந்தே பரவின. கடல் மறுபடி ஏறியதும் பிரிந்த கூட்டங்கள் அங்கங்கே தனித்தனியாக மாறிக்கொண்டன.

அந்தக் கட்டுரை லண்டனில் பெரிதாகப் பேசப்படவில்லை. கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருந்த எட்வர்ட் பிளைத் அதைப் படித்துவிட்டுச் சார்லஸ் டார்வினுக்கு எழுதினார். டார்வின் அப்போது அதே கேள்வியில் ஏறக்குறைய 20 ஆண்டுகளாக ரகசியமாக உழைத்துக்கொண்டிருந்தார். இவர் முந்திவிடுவார், சீக்கிரம் வெளியிடுங்கள் என்று நண்பர் லயெலும் டார்வினை எச்சரித்தார்.

சரவாக்கில் 1855 கடைசியில் வாலஸிடம் சமையலுக்குச் சேர்ந்த மலாய்ப் பையன் அலி. வயது 15 இருக்கும். சீக்கிரமே துப்பாக்கி சுடவும் பறவைத் தோல் உரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டான். படகு ஓட்டுவதிலும் கெட்டிக்காரன். வாலஸ் காய்ச்சலில் படுத்த நாட்களில் வேலை நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவனும் அவனே.

1856 ஜூனில் பாலியிலிருந்து லொம்போக்குக்குப் போனபோது வாலஸ் திகைத்தார். இடையில் இருப்பது குறுகிய நீரிணைதான். பாலியில் நம் காட்டுப் பறவைகளின் உறவுகள். லொம்போக்கில் ஆஸ்திரேலியாவின் வெள்ளைக் கொண்டைக் கிளிகள். நடுவில் உள்ள கடல் மிக ஆழமானது, கடல் மட்டம் தாழ்ந்தபோதும் அங்கே தரை வெளிப்படவில்லை. ஆசியாவும் ஆஸ்திரேலியாவும் பிரியும் அந்த எல்லைக்கு வாலஸ் கோடு என்று பெயர்.

காய்ச்சலில் வந்த விடை

இனங்கள் மாறுகின்றன என்பது தெரிந்துவிட்டது. எப்படி என்பதுதான் மீதி. 1858 பிப்ரவரியில் தெர்னாத்தே தீவுப் பகுதியில் குளிர் காய்ச்சலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபோது, பல ஆண்டுகளுக்கு முன் படித்த மால்தஸின் புத்தகம் நினைவுக்கு வந்தது. மனிதர்களின் பெருக்கத்தைப் பஞ்சமும் நோயும் தடுக்கின்றன என்பது மால்தஸின் வாதம். விலங்குகள் அதைவிட வேகமாகப் பெருகுகின்றன, ஆனாலும் உலகம் நிரம்பிவிடவில்லை. அப்படியானால் ஆண்டுதோறும் கணக்கற்றவை இறக்கின்றன. எவை இறக்கின்றன, எவை பிழைக்கின்றன? சூழலுக்குச் சற்றே கூடுதலாகப் பொருந்தியவை பிழைக்கின்றன, தம் தன்மையைக் குட்டிகளுக்கும் கொடுக்கின்றன. பல தலைமுறை இப்படிச் சென்றால் இனமே மாறிவிடும். இரண்டு மூன்று மாலைகளில் எழுதி முடித்து, தாம் மதித்த டார்வினுக்கே தபாலில் அனுப்பினார்.

ஜூன் மாதம் அது கிடைத்தபோது டார்வின் இடிந்து போனார். அவர் இன்னும் வெளியிடாத கொள்கை அந்தக் கடிதத்தில் இருந்தது. நண்பர்கள் லயெலும் ஹூக்கரும் ஒரு வழி கண்டார்கள். 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வினின் பழைய குறிப்புகள் முதலிலும் வாலஸின் கட்டுரை அதன் பின்னாலும் படிக்கப்பட்டன. குழந்தை மகனைப் பறிகொடுத்திருந்த டார்வின் வரவில்லை. வாலஸ் நியூகினியில் இருந்தார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்டுப் பதில் வரவே பல மாதங்கள் ஆகும். அடுத்த ஆண்டு டார்வினின் பெரிய புத்தகம் வந்தது. உலகம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது.

இது நியாயமா என்ற வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. டார்வின் முன்பே கண்டுவிட்டார் என்பதற்குக் கையெழுத்துச் சான்று இருக்கிறது. ஆனால் அச்சுக்குத் தயாரான கட்டுரையை அனுப்பியவர் வாலஸ். அதை அவர் நேராக ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் பாடப்புத்தகத்தில் பெயர்களின் வரிசை மாறியிருக்கும். அவரோ செய்தி கேட்டு மகிழ்ந்து தாயாருக்குக் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் தாம் எழுதிய பரிணாமப் புத்தகத்துக்கே டார்வினின் பெயரைத் தலைப்பாக வைத்தார். பெருந்தன்மை என்பது சரி. பெரிய இடத்து மனிதர்கள் தம்மைச் சேர்த்துக்கொண்டதே போதும் என்று ஓர் ஏழைக்குத் தோன்றியதும் அதில் இருக்கலாம்.

அதே ஆண்டு அக்டோபரில் பாச்சான் தீவில் அலி ஒரு விசித்திரப் பறவையைச் சுட்டுக்கொண்டு வந்தார். தோளில் நீண்ட வெள்ளை இறகுகள், மார்பில் மின்னும் பச்சை. அறிவியலுக்குப் புதிய சொர்க்கப் பறவை. அதற்கும் வாலஸின் பெயர்தான் வைக்கப்பட்டது.

ஊர் திரும்பிய பிறகு

எட்டு ஆண்டுகள், 22,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம், 1,25,660 மாதிரிகள். அவற்றில் 83,200 வண்டுகள், 8,050 பறவைகள். பறவைகளில் பெரும்பகுதி அலி சுட்டவை என்று பிற்கால ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். 1862இல் சிங்கப்பூரில் இருவரும் பிரிந்தார்கள். பணமும் துப்பாக்கிகளும் கொடுத்து, அலியைக் கோட்டு அணிய வைத்து ஒரு புகைப்படமும் எடுத்து வைத்துக்கொண்டார் வாலஸ். கப்பலில் உயிருள்ள இரண்டு சொர்க்கப் பறவைகளுக்கு வாழைப்பழமும் கரப்பான்பூச்சியும் ஊட்டி லண்டன் வரை கொண்டு சேர்த்தார்.

1869இல் வெளியான 'மலாய்த் தீவுக்கூட்டம்' நூல் அவருக்குப் பேர் தந்தது. சம்பாதித்த பணத்தை ரயில்வே, சுரங்கப் பங்குகளில் போட்டு, தகப்பனாரைப் போலவே இழந்தார். 1870இல் பூமி தட்டை என்று வாதிட்ட ஒருவரோடு 500 பவுண்டு பந்தயம் கட்டி, கால்வாய்க் கரையில் அளந்து காட்டி ஜெயித்தார். தோற்றவர் பல ஆண்டுகள் வசைக் கடிதங்களாலும் வழக்குகளாலும் அவரைத் தொல்லைப்படுத்தினார், செலவு பந்தயப் பணத்தை மிஞ்சியது. நிரந்தர உத்தியோகம் எதுவும் கிடைக்கவில்லை. தேர்வுத் தாள் திருத்திக் குடும்பம் நடத்தினார். ஆவிகளோடு பேசலாம் என்று நம்பியதும், அம்மைத் தடுப்பூசியை எதிர்த்ததும் அவருடைய மதிப்பைக் குறைத்தன. தடுப்பூசி விஷயத்தில் அவர் பக்கம் தவறு என்பதில் சந்தேகமில்லை. 1881இல் டார்வினே முன்னின்று அரசிடம் மனு எழுதி, ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை வாங்கிக் கொடுத்தார். மறு ஆண்டு டார்வின் இறந்தபோது பெட்டியைச் சுமந்தவர்களில் வாலஸும் ஒருவர்.

1913 நவம்பர் 7ஆம் தேதி, 90 வயதில் வாலஸ் காலமானார். பிராட்ஸ்டோன் கல்லறையில் அவர் மீது நிற்பது கல்லாகிப்போன ஒரு பழங்கால மரத்தின் தண்டு.

அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1907இல், தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் தெர்னாத்தேக்குப் போயிருந்தார். நிறம் மங்கிய நீலத் தொப்பி அணிந்த, சுருக்கம் விழுந்த ஒரு கிழவர் அவரை வழிமறித்து, தம் பெயர் அலி வாலஸ் என்றார். பார்பர் இந்தச் செய்தியை இங்கிலாந்துக்கு எழுதினார். 84 வயதாகியிருந்த வாலஸ் மகிழ்ந்து பதில் போட்டார்.